ஹெக்ஸ் காட்ட எது நல்லது: டிஐஎல்311, ஹெச்பி 7340, சாதா செவன் செக்மென்ட்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐஎல்311-ஐப் பார்த்தால் ஒரு சின்னச் சிவப்பு ஐசி மாதிரிதான் இருக்கும், ஆனால் 4க்கு 7 கட்டத்தில் அடுக்கிய எல்இடி புள்ளிகளோடு, எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று முடிவு செய்யும் டீகோடர், வந்த மதிப்பைப் பிடித்து வைக்கும் லாட்ச், கரன்ட்டை அளந்து கொடுக்கும் டிரைவர் எல்லாமே அதற்குள் இருக்கின்றன. நான்கு பிட்டும் 5 வோல்ட்டும் கொடுத்தால் போதும், ஹெக்ஸ் எனப்படும் பதினாறு அடிப்படை எண்முறையின் இலக்கங்களை, அதாவது 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை, காட்டும். இந்த 4க்கு 7 கட்டப் புள்ளிகளுக்கு ரெசிஸ்டர் ஒன்றுகூட வேண்டாம்.

இதே வேலையை, ஏழு கோடுகளால் எண்ணைக் காட்டும் செவன் செக்மென்ட் பாதி விலைக்கும் கீழே செய்யுமே என்பார்கள். தசம எண்ணுக்குச் சரி. ஹெக்ஸுக்கு 7447 டீகோடரைப் போட்டால் 9க்கு மேல் ஏதோ கிறுக்கல்தான் வரும். 9368 என்ற டீகோடர் எழுத்துகளைக் காட்டும், ஆனால் செவன் செக்மென்டில் பி (B) என்பது சின்ன பி-யாகத்தான் (b) வரும், அதற்கும் 6க்கும் மேல் கோடு ஒன்றுதான் வித்தியாசம். மெமரியில் இருப்பதை ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும்போது இது கண்ணைக் குழப்பிவிடும். டிஐஎல்311-இல் பெரிய பி, பெரிய டி. 8க்கும் பி-க்கும் இடது மூலைப் புள்ளிகளில்தான் வேறுபாடு என்றாலும் ஒருநாள் பழகிவிட்டால் தடுமாற்றம் இல்லை.

உண்மையான போட்டி ஹெச்பி 5082-7340தான். 1976 ஆகஸ்டில் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழில் வந்த ஜோசப் வெய்ஸ்பெக்கரின் காஸ்மாக் எல்ஃப் கணினியில் இருந்தது இதுதான். மொத்தம் எட்டு கால்கள் (பின்கள்) மட்டுமே, போர்டில் கொஞ்சம் இடம் போதும், பார்க்கவும் அழகு. டிஐஎல்311-க்கோ 14 கால் அளவு உடம்பு, அதிலும் 6, 9, 11ஆம் கால்கள் கிடையாது, அதனால் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருக முடியாது. அதற்கு ஈடாக இரண்டு பக்கமும் தசமப் புள்ளி உண்டு, 7340-இல் அது இல்லை. டிஐஎல்311-இல் எல்இடிக்கும் லாஜிக்குக்கும் தனித்தனி சப்ளை கால் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 5082-7300 அச்சாக 7340 மாதிரியே இருக்கும், ஆனால் எழுத்துகளைக் காட்டாது. எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டுமே ஒரு இலக்கத்துக்குச் சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும், சூடாகும், ஆறு இலக்கம் வைத்தால் நல்ல சப்ளை வேண்டும். பழைய எல்ஃபை அப்படியே மீட்கிறவர் 7340-ஐத் தேடிப் பிடிக்கட்டும். புதிதாகக் கட்டினால் நான் டிஐஎல்311-ஐத்தான் எடுப்பேன், சாக்கெட்டில் செருகி, ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா என்று பார்த்த பிறகு.