ஜீப்புக்கு அலுமினிய பிளேட் அடிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கம் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இப்போது நம் பக்கத்தில் ஆளாளுக்கு வண்டிக்கு அலுமினிய பிளேட் அடிக்கிறார்கள். அடிவாரத்தில் ஒரு பட்டறை இதற்கென்றே பேர் வாங்கியிருக்கிறது. பேரைப் போட மாட்டேன், விவகாரம் புகாராகப் போகிறது. அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். இதே கைவேலையை வேறு பட்டறையிலும் காட்டலாம்.

என் வண்டி பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். காப்பி மூட்டை, மிளகு, மலைவாழைத் தார், சில நாள் ஆட்கள், எல்லாம் அதில்தான். மழை விட்ட பிறகு நம் தோட்டப் பாதைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்கு அடியில் இருந்த இரும்பு கார்டு அரித்துப்போனதால் மூன்று இடத்துக்குக் கவசம் போடலாம் என்று இருந்தேன்: சம்ப்புக்கு அடியில், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே, பின்னால் இரண்டு மூலைகளில். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வண்டிக்கு அடியில் படுத்து அளவெடுத்து, போல்ட் ஓட்டை வரைக்கும் குறித்து, அட்டை அச்சு எல்லாம் வீட்டிலேயே செய்துவிட்டேன். பட்டறைக்காரர் பார்க்க வேண்டிய வேலை வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் வைத்து ஒட்டுவது, மாட்டுவது மட்டும்.

வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். சம்ப் கார்டு 6 எம்.எம். கனம், 5052 கிரேடு (மக்னீசியம் சேர்ந்த அலுமினியக் கலவை). பக்கவாட்டுக்கும் மூலைக்கும் 3 எம்.எம். செக்கர் பிளேட், அதாவது மேலே மேடு மேடாக வரி போட்ட தகடு. பாடிக்கும் பிளேட்டுக்கும் நடுவே ரப்பர். எல்லாம் துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட், நைலான் வாஷரோடு. பாடியின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைக்கக் கூடாது. பதில் குரல் பதிவாக வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். "அண்ணே, நம்மகிட்ட வந்துட்டீங்கல்ல, விடுங்க. ஏரோப்ளேன் மெட்டீரியல் போட்டுத் தர்றேன். சைடு பிளேட்டுல ஜாக்கி வெச்சே வண்டியத் தூக்கலாம், பாத்துக்கங்க."

அலுமினியம் எதற்கு, இரும்பே போதாதா என்று கேட்பவர்களுக்கு: துரு, எடை, இரண்டுக்காகவும்தான். 6 எம்.எம். அலுமினியம் சதுர மீட்டருக்கு 16 கிலோ சொச்சம், 3 எம்.எம். இரும்பே 23 கிலோவைத் தாண்டும். 1948-ல் வந்த முதல் லேண்ட் ரோவருக்கே அலுமினியக் கலவையில்தான் பாடி. போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் அப்படிச் செய்தார்கள். ஆக, பொருள்மீது எனக்கு இன்றும் குறையில்லை.

வண்டி திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. ஊரில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். முன் ஓரத்தில் சம்ப் கார்டு நல்ல கனமாகத் தெரிந்தது. பேசிய பணம் மொத்தமும் கொடுத்தாயிற்று. பில் கேட்டதற்கு, "பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று இழுத்தார். விடாமல் கேட்டதற்கு 'ஜீப் வேலை' என்று இரண்டே சொல் எழுதிய துண்டுச்சீட்டு கிடைத்தது. பழைய இரும்பு கார்டு எங்கே என்றால், எடைக்குப் போட்டுவிட்டாராம். அதற்குக் காசும் இல்லை.

ஐப்பசி மழையில் மங்களங்கொம்பு பக்கம் ஒரு தோட்டத்துக்கு இறங்கும்போது அடியில் ஒரு கல் தட்டியது. பெரிய கல்லும் இல்லை, வேகமும் இல்லை, முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். கீழே குனிந்து பார்த்தால் கார்டு மேலே மடங்கி சம்ப்பின் டிரெயின் நட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முன் ஓரத்தில் இருந்த ஒரு பட்டை பிய்ந்து தனியாகத் தொங்குகிறது. சம்ப் உடையாதது என் அதிர்ஷ்டம். உடைந்திருந்தால் இன்ஜினுக்கே வேலை வந்திருக்கும்.

அந்தப் பட்டையில்தான் முழு வித்தையும் இருந்தது. பிளேட் முழுக்க 6 எம்.எம். இல்லை. கண்ணில் படுகிற முன் ஓரத்தில் மட்டும் இன்னொரு பட்டையை வைத்து ஒட்டி, இழைத்து, கனம் காட்டியிருக்கிறார். கழற்றிக் காப்பி எடை போடும் தராசில் வைத்தேன். கணக்கு ரொம்பச் சுலபம், நீங்களும் போடலாம். என் கார்டு 80 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். கனம் 0.6 சென்டிமீட்டர் என்றால், பெருக்க 2,880 கன சென்டிமீட்டர். அலுமினியம் கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். ஓட்டைகளுக்குக் கொஞ்சம் கழித்தாலும் ஏழரைக் கிலோவாவது நிற்க வேண்டும். தராசு காட்டியது ஐந்து கிலோ முந்நூறு. அதுவும் அந்த ஒட்டுப்பட்டையோடு சேர்த்து. வெர்னியர் வைத்துப் பார்த்தால் 4 எம்.எம்.

ஒட்டின இடத்தை ஸ்குரூடிரைவரால் சுரண்டினேன். சில்வர் பெயின்ட் உரிந்தது. அதற்கடியில் சாம்பல் நிறத்தில் பட்டி. டிங்கர் பட்டறையில் சொட்டை அடைக்கப் பூசுவார்களே, அதே பட்டிதான். அதையும் சுரண்டி எடுத்தால் வெல்டிங் ரவா தோசை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது, பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் தோலாகப் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உடைக்க ஏ.சி. கரண்டில் ஓடும் டிக் வெல்டிங் மெஷினும், உருகின இடத்தில் காற்றுப் படாமல் காக்க ஆர்கான் கேஸும் தேவைப்படுகின்றன. கேட்டுக்கு கிரில் ஒட்டும் சாதாரண மெஷினில் அலுமினிய ராடு போட்டு இழுத்திருக்கிறார் என்று வெல்டிங் தெரிந்தவர் ஒருவர் பார்த்ததும் சொன்னார். அந்த ராடின் மேல்பூச்சான பிளக்ஸை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவாவிட்டால் அதுவே அலுமினியத்தை அரிக்கும். இங்கே கழுவவும் இல்லை, மேலேயே பட்டி போட்டு மூடியாயிற்று.

கிரேடு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்துவிட்டதால் ஒரு துண்டை வெட்டி, எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்கு மதுரையில் கொடுத்தேன். 5052 என்றால் மக்னீசியம் 2.2-ல் இருந்து 2.8 சதவீதம் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் மக்னீசியம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது, கிட்டத்தட்ட சுத்த அலுமினியம். கூரைக்கும் பாத்திரத்துக்கும் போகிற மெத்துப் பொருள் அது. 5052 தாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தாங்கும், அவ்வளவுதான். 'ஏரோப்ளேன் மெட்டீரியல்' என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் 6061 என்ற இன்னொரு அலுமினியக் கலவையை. அது இன்னும் கெட்டிதான், ஆனால் கூர்மையாக மடக்கினால் விரிசல் விடும், ஒட்டின இடத்தைச் சுற்றி பலம் குறையும். மடக்கி ஒட்டுகிற வேலைக்கு 5052 போதும் என்றுதான் அதைக் கேட்டிருந்தேன்.

போல்ட் கதையும் இருக்கிறது. தலை உள்ளே அமுங்கும் கவுண்டர்சங்க் போல்ட் போட வேண்டிய இடத்தில், சாதாரண அறுகோணத் தலை போல்ட் கீழே துருத்திக்கொண்டு நின்றது. கல்லில் உரசி உரசித் தலை மழுங்கி, ஸ்பேனர் பிடிக்கவே இல்லை. அறுத்துத்தான் எடுத்தோம்.

பக்கவாட்டு பிளேட்டைக் கழற்றியபோதுதான் வயிறு எரிந்தது. நடுவே ரப்பர் கிடையாது. எஸ்.எஸ். போல்ட் கிடையாது, மேலே நிக்கல் மாதிரி மினுக்கும் இரும்பு போல்ட். அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். பழைய லேண்ட் ரோவர்களிலும் பாடி இரும்போடு சேரும் இடத்தில் இதே வியாதிதான். நம் மலையில் மழை இல்லாத நாளும் மூடுபனி இருக்கிறது, ஈரத்துக்குப் பஞ்சமா? போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. பின்னால் சேறு புகுந்து காயாமலேயே கிடந்து, முன்பு நன்றாக இருந்த பாடித் தகடு செதில் செதிலாக உரிந்தது. வடிகால் ஓட்டைகளை சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார். உள்ளே குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

ஜாக்கி விஷயத்தில் விளையாட வேண்டாம். பாடித் தகட்டில் மட்டும் மாட்டியிருக்கும் 3 எம்.எம். பிளேட்டில் ஜாக்கி வைத்தால் நசுங்கும், வண்டி கீழே ஆள்மேல் இறங்கும். கல்லில் ஏறி இறங்குகிற பாரத்தைத் தாங்க வேண்டுமானால் இரும்பு பைப்பில் செய்து சேசிஸோடு பிடிக்க வேண்டும். அலுமினியத் தகடு சிராய்ப்புக்கும் தெறிக்கிற கல்லுக்கும் மட்டும்தான். இதைத் தெரிந்துகொண்டே ஒரு பட்டறைக்காரர் 'தூக்கலாம்' என்று சொன்னால் அதற்குப் பேர் விற்பனைப் பேச்சு இல்லை.

போய்க் கேட்டேன். முதலில், "கல்லுல அடிச்சா எதுதாண்ணே தாங்கும்?" கல்லுக்காகத்தானே அப்பா போட்டது என்றேன். டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டியதும், கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றார். ஓரத்தில் பட்டை ஒட்டியதும் கடைக்காரனா என்றதற்குப் பதில் இல்லை. கடைசியில், "முன்னாடி ஒரு புல்பார் ஃப்ரீயா போட்டுத் தர்றேன், சரிக்கட்டிக்கலாம்" என்கிறார். முன்னால் போடும் அந்த கார்டு கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இலவசமாக அபராதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார் மனிதர்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், பிளேட்டை வெட்டும் முன்பே பட்டறையில் வைத்து எடை போடுங்கள், மாட்டிய பிறகு யாரும் கழற்ற விட மாட்டார்கள். மில்லில் இருந்து வரும் பிளேட்டில் பெரும்பாலும் கிரேடும் கனமும் அச்சடித்தோ ஒட்டியோ இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செக்கர் பிளேட்டின் கனத்தை மேடு இல்லாத இடத்தில் அளக்க வேண்டும், மேட்டோடு அளந்தால் ஒரு எம்.எம். சும்மா கூடிவிடும். வெல்டிங்கைப் பெயின்ட் அடிக்கும் முன் பாருங்கள். ஒரு வெட்டுத்துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஏற்கெனவே போட்டவர்கள் இன்றைக்கே வடிகால் ஓட்டையில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள்.

நான் முதலில் 1915-க்கு அடித்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வாடகைக்கு ஓட்டுகிற வண்டி என்பதால் நமக்குப் பொருந்தாது என்று ஒருவர் பயமுறுத்தினார். வயிற்றுப்பிழைப்புக்குத் தானே ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. குரல் பதிவு, ஜிபே கணக்கு, ரிப்போர்ட், பட்டி ஒட்டிய அந்தப் பட்டை, எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

அதே பட்டறையில் போட்டு இதே மாதிரி ஆனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்ளலாம். எம்.எம். 540 வைத்திருப்பவர்களுக்கு என் அட்டை அச்சு வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நனைக்காமல் திருப்பித் தந்துவிடுங்கள், நானும் இனிமேல்தான் மறுபடி அடிக்க வேண்டும்.