மல்லாக்க விடாத பெல்ட்: இரண்டு வருடத்துக்குப் பிறகு

நேற்றுக் காலை மதுரையிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். அவளுக்கும் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நின்று நின்று வரும் நோய், என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. "அண்ணி, நீங்க கட்டிக்கிற பெல்ட் இப்போ விலை குறைஞ்சிருக்கு, ஆர்டர் போட்டுடவா?" என்றாள். நான் 2,400 ரூபாய்க்கு வாங்கியது இப்போது 1,500-க்குக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் "போடு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கத்தில் மல்லாந்து படுக்கவிடாமல் தடுக்கிற பெல்ட் அது. இரண்டு வருடமாக அநேகமாக எல்லா ராத்திரியும் அதைக் கட்டிக்கொண்டு படுக்கிறவள் நான். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் ரிப்போர்ட்டை முழுதாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே பெரிதாகப் போட்டிருந்த ஏ.ஹெச்.ஐ. 20 என்ற எண்ணை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு அது. 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. ஆனால் பெல்ட் உதவுமா என்பதைச் சொல்வது அந்த எண் இல்லை. உள்ளே சின்ன எழுத்தில், எந்தப் பக்கம் படுத்தபோது எவ்வளவு என்று ஒரு அட்டவணை இருக்கும். என்னுடையதில் மொத்தம் 18. மல்லாந்து படுத்தபோது 31, ஒருக்களித்தபோது 6. மல்லாந்தால் நாக்கும் உள் அண்ணமும் தம் கனத்திலேயே தொண்டைக்குள் சரிந்து மூச்சு வழியை அடைக்கின்றன. ஒருக்களித்தால் அந்தச் சரிவு குறைகிறது. மல்லாந்த எண் ஒருக்களித்த எண்ணைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் அதைப் படுக்கும் நிலையைச் சார்ந்த ஆப்னியா என்று சொல்லலாம் என்று 1984-ல் ரோசலிண்ட் கார்ட்ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் அளவுகோல் வைத்தார். என் டாக்டரும் அதைத்தான் சொன்னார். மல்லாந்தாலும் ஒருக்களித்தாலும் எண் அதிகமாக இருந்தால் பெல்ட் கட்டிப் பிரயோஜனமில்லை, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கிற சி-பாப் மெஷின் போல வேறு வழிதான் பார்க்கவேண்டும். நாத்தனாருடையது மல்லாந்து 28, ஒருக்களித்து 9. அவளுக்கும் இந்த வழி பொருந்தும் போலிருக்கிறது. அவளுடைய டாக்டரும் சரி என்று சொல்லவேண்டும்.

பெல்ட்டுக்கு முன்னால் டென்னிஸ் பந்து. பழைய நைட்டியின் முதுகில் பை தைத்து அதில் போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். பந்து ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், நான் அதன் பக்கத்திலேயே மல்லாந்து கிடப்பேன்.

பெல்ட் வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. மூன்று மாதம் கழித்து அதைக் கட்டிக்கொண்டே மறுபடி டெஸ்ட் எடுத்தேன்; மொத்தம் 7 என்று வந்தது. குறட்டை குறைந்ததை வைத்து நோய் அடங்கிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது, இந்த இரண்டாவது டெஸ்ட்டை யாரும் தவிர்க்கவேண்டாம். நான் எதிர்பார்க்கவே இல்லாத ஒன்றும் நடந்தது. அதற்கு முன்னால் ராத்திரி மூன்று தடவை பாத்ரூம் போக எழுந்திருப்பேன். சர்க்கரை என்று நினைத்து இரண்டு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், சர்க்கரை இல்லை. மூச்சு அடைபட்டு நெஞ்சு திணறும்போது இதயத்தின் மேலறை இழுபட்டு, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். பெல்ட் கட்ட ஆரம்பித்த பத்தாவது நாள் படுத்தவள் விடியற்காலை ஐந்தரைக்குத்தான் எழுந்தேன். படுக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மும்பை ஃபோர்ட்டில் ஆபீஸ் விட்டு ஹார்பர் லைன் ரயிலில் திரும்பும்போது தூங்கிப்போய், இறங்கவேண்டிய செம்பூரைத் தவறவிட்டு, கழிமுகப் பாலமும் தாண்டி வாஷியில் விழித்ததெல்லாம் அதோடு நின்றது.

சரி, அப்புறம் ஏன் "வாங்கு" என்று சொல்லத் தயங்குகிறேன்?

இந்த பெல்ட் பெண்ணின் உடம்பை நினைத்துச் செய்தது இல்லை. பின்னால் பாதிச் செங்கல் அளவுக்கு ஒரு ஃபோம் கட்டை, நெஞ்சைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை, முன்னால் வெல்க்ரோ. எல்லோருக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. படத்தில் இருப்பது ஓர் ஆண். பட்டையை மார்புக்கு மேலே கட்டினால் அக்குளை அறுக்கும். கீழே கட்டினால் இரண்டு தடவை புரண்டதும் இடுப்புக்கு இறங்கிவிடும். கட்டை தோள்பட்டைகளுக்கு நடுவில் இருந்தால்தான் மல்லாக்க விடாது. இடுப்பில் கிடந்தால் அதன் மேலேயே மல்லாந்து தூங்கலாம், காலையில் முதுகு வலிதான் மிச்சம். கம்பெனிக்கு எழுதினேன். இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்று ஒரு வரிப் பதில் வந்தது. மூச்சுக்குத் திணறுகிறவளிடம் நெஞ்சை இறுக்கிக் கட்டு என்கிறார்கள்! மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. என்னைப்போல் ஐம்பதைத் தாண்டியவர்கள் அவர்கள் கணக்கிலேயே இல்லையா?

வெல்க்ரோவைப் பற்றியும் சொல்லவேண்டும். நைட்டியின் பஞ்சும் உதிர்ந்த முடியும் அதன் கொக்கிகளில் சுருண்டு அடைந்துகொள்ளும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊக்கின் முனையால் ஒவ்வொரு வரிசையாகக் கிளறி எடுக்கிறேன். எடுத்தாலும் எட்டு மாதத்தில் பிடிப்பு போய்விட்டது. இப்போது இருப்பது நானே தைத்த இரண்டாவது வெல்க்ரோ. ராத்திரி மூன்று மணிக்குப் புரளும்போது சர்ரென்று பிரிகிற சத்தத்தில் பக்கத்தில் அவரும் விழித்துக்கொள்கிறார். ஜூலை மாதம் உறையைத் துவைத்தால் மூன்று நாளானாலும் காயாமல் வாடை அடிக்கும்.

ஒருக்களித்தே படுப்பதால் முதல் ஆறு மாதம் இடது தோள் வலித்தது, அது பெல்ட்டின் குற்றமில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணை நடுராத்திரிக்குள் அமுங்கிவிடும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள உயரத்துக்குச் சரியாக அதன் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தேன், முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. வலி போய்விட்டது.

நேற்று ராத்திரி மறுபடி வெல்க்ரோ விட்டுவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, நெஞ்சு படபடக்க, மல்லாந்த நிலையில் விழித்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். காலையில் நாத்தனாருக்குச் சொன்னேன்: இந்த பெல்ட்டை வாங்காதே.

சேடா நகர் முருகன் கோயில் பக்கம் இருக்கிற டெய்லர் மாஸ்டரிடம் இன்று போய்விட்டு வந்தேன். கையில்லாத பருத்தி பாடி, முன்னால் பட்டன், தோள்பட்டைகளுக்கு நடுவே ஃபோம் கட்டை போட ஒரு பை, கட்டை நகராதபடி பையின் இரண்டு ஓரமும் இரட்டைத் தையல். தாளில் வரைந்து காட்டினேன். கட்டையைக் கையில் வாங்கி அளந்து பார்த்துவிட்டு, சனிக்கிழமை தருகிறேன் என்றார். இரண்டாகத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். நாத்தனாரின் அளவு இன்னும் வரவில்லை.