பெருமாள்புரம் கணக்கு டியூஷன்: மூன்று மாதம் அனுப்பிய பிறகு எழுதுகிறேன்

என் மகன் ஏழாம் வகுப்பு. அல்ஜீப்ரா ஏறவில்லை என்று பள்ளியில் சொன்னார்கள், நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் திருநெல்வேலி பெருமாள்புரத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே டியூஷன் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே சேர்த்தோம்.

முதல் நாள் எக்ஸ், ஒய் பக்கமே அவர் போகவில்லை. அரையையும் (1/2) காலையும் (1/4) கூட்டச் சொன்னார். இவன் மேலே 1-ஐயும் 1-ஐயும் கீழே 2-ஐயும் 4-ஐயும் கூட்டி 2/6 என்று எழுதி நீட்டினான். டீச்சர் சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை. "எய்யா, அரைக்கிலோ அல்வா கையில இருக்கு, இன்னும் கால் கிலோ வாங்குதே. 2/6ன்னா மூணுல ஒரு பங்கு, அரையை விடக் கம்மி. வாங்குன பொறவு குறையுமால?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு "முக்கால் கிலோ டீச்சர்" என்றான். கடையில் தெரிந்த கணக்கு நோட்டில் வராமல் இருந்திருக்கிறது, இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

பள்ளித் தேர்வில் எக்ஸ்/2 + எக்ஸ்/4 = 9 என்ற கணக்குக்கு இவன் 2 எக்ஸ்/6 = 9 என்று கூட்டி 27 என்று எழுதியதும் இதே தப்பால்தான். இப்போது 12 என்று போடுகிறான், போட்டுவிட்டு 6-ம் 3-ம் 9 என்று தானே சரிபார்க்கிறான். அந்தப் பழக்கம் ஒன்றுக்கே ஃபீஸ் கொடுக்கலாம். அப்புறம், "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற மனப்பாடத்தை டீச்சர் ஒத்துக்கொள்வதில்லை. 4 எக்ஸ் + 7 = 31 என்றால் தராசுதான், இரண்டு தட்டிலிருந்தும் 7-ஐ எடு, மிச்சம் 24, நாலு பங்கு போடு, எக்ஸ் 6.

குறையும் உண்டு. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அந்த அறை போதாது, ஒரே ஃபேன், மே மாதம் எப்படி உட்கார்வார்களோ என்று கவலையாக இருக்கிறது. ஹோம்வொர்க்கை முடித்துக் கொடுக்க மாட்டார், அதற்காக அனுப்புகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. எட்டாம் வகுப்புக்கு மேல் எடுப்பதும் இல்லை.

சேர்க்கப் போகும்போது பிள்ளையின் போன வருட நோட்டையும் கொண்டுபோங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.