கேபிள் நிறுவனத்தின் வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறிய டவுன்களில் வீடு வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேபிள் நிறுவனத்தை அழைத்து முகவரியைச் சொல்லிக் கேட்டேன். "அந்தத் தெருவில் எங்கள் கேபிள் போகிறது, ஒரே வாரத்தில் இணைப்பு" என்றார் விற்பனைப் பிரிவில் பேசியவர். ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அவருக்கு டிவிதான் துணை. 500 டாலர் முன்பணம் கட்டினேன்.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஆள் வரும் என்றார்கள். விடுப்பு எடுத்துக் காத்திருந்தேன், யாரும் வரவில்லை. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை வந்தவர் வண்டியை விட்டு இறங்காமலே வாசலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: பிரதான சாலையிலிருந்து 640 அடி கேபிள் இழுக்க வேண்டும், 9,800 டாலர் கட்டுங்கள். அதற்குள் அம்மா வந்துவிட்டார். தினமும் காலையில் "இன்றைக்காவது வருவார்களா?" என்று கேட்பார்.

எதிர்வீட்டுப் பெரியவருக்குப் பல வருடமாக அதே நிறுவனத்தின் கேபிள்தான். அவரிடம் தூரம் அளக்கும் சக்கரம் ஒன்று இருந்தது. அதை வாங்கி, அவர் வீட்டுக்குக் கேபிள் வரும் கம்பத்தின் அடியிலிருந்து என் வீட்டுச் சுவர் வரை உருட்டிப் பார்த்தேன். 112 அடி. நம்ப முடியாமல் மறுபடி உருட்டினேன், அதே 112. கம்பத்தின் மேலே இணைப்புப் பெட்டி தொங்குவது தரையில் நின்றாலே தெரிகிறது. கம்பத்தின் எண் தகட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு டவுன் ஹாலுக்குப் போனேன்.

அங்கே கேட்டதும் கேபிள் உரிமத்தின் நகலைக் கொடுத்தார்கள். பொதுத் தெருக்களின் வழியே கேபிள் கொண்டுபோக நிறுவனத்துக்கு அனுமதி தருவதே இந்த உரிமம்தான். டவுனில் அதை வழங்குவது செலக்ட் போர்டு, அதாவது டவுனை நிர்வகிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதிகபட்சம் 10 ஆண்டு. 1984ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி கேபிள் வருவாயில் 5 சதவீதம் வரை உரிமக் கட்டணம் வாங்கலாம். அது கடைசியில் நம் பில்லில்தான் வந்து சேர்கிறது. காசு கொடுக்கிற நாம் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டாமா? நிறுவனத்தின் கேபிளிலிருந்து 125 அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு வழக்கமான கட்டணத்திலேயே இணைப்புத் தர வேண்டும் என்று எங்கள் உரிமத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த 125 அடிக்குள் என்றால் ஏழு வேலை நாளில் இணைப்பு என்பது மத்திய விதி. ஆள் வரும் நேரத்தை நான்கு மணி நேர இடைவெளிக்கு மேல் நீட்டிச் சொல்லக் கூடாது. முந்தைய வேலை நாள் முடிந்த பிறகு அதை ரத்து செய்யவும் கூடாது.

அளவை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் எல்லாத் தில்லுமுல்லும் நடக்கிறது. நியூயார்க் போன்ற பெருநகரமே இப்படி ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டது. 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குள் நகரின் எல்லா வீடுகளையும் கண்ணாடி இழைக் கேபிள் 'கடந்து செல்லும்' என்று 2008ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வெரைசன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கு முன்னால் வந்தால்தான் கடந்ததாகும் என்றது நகரம். நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2017ஆம் ஆண்டு நகரம் வழக்குப் போட்டது. மேலும் ஐந்து லட்சம் வீடுகளுக்குக் கேபிள் கொண்டுபோவது என்று 2020ஆம் ஆண்டு நவம்பரில் சமரசம் ஆனது.

நான் செய்த பிழை ஒன்று: முதல் புகாரில் இணைய இணைப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். இணையம் இந்த உரிமத்தில் அடங்காது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டவுனிலிருந்து பதில் வந்தது. டிவி இணைப்பை முன்வைத்து, தேதி, படம், அளவு எல்லாவற்றோடும் மறுபடி எழுதிய பிறகே செலக்ட் போர்டு கூட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

தயவுசெய்து புகாரை எழுத்தில், டவுனுக்கே அனுப்புங்கள். நிறுவனத்தின் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கத்தினாலும் அது டவுனின் பதிவேட்டில் ஏறாது. உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்க, ஒப்பந்த மீறலைக் காரணமாகச் சொல்ல வேண்டுமானால், அதை முன்கூட்டியே நிறுவனத்துக்குத் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாம் எழுதாவிட்டால் டவுனின் கையில் அதற்கு எதுவும் இருக்காது.

கூட்டத்துக்கு வந்த நிறுவனப் பிரதிநிதி "அளவெடுப்பதில் தவறு நேர்ந்துவிட்டது" என்றார். அடுத்த வாரம் வழக்கமான கட்டணத்தில் இணைப்பு வந்தது. அதற்குள் அம்மா ஏழு வாரம் பனியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். 500 டாலர் இன்னும் திரும்பி வரவில்லை. அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு இதே போன்ற கடிதம் வந்திருக்கிறது. பெரியவரின் சக்கரம் இப்போது அவர்களிடம் இருக்கிறது.