கும்பகோணத்தில் பாகப்பிரிவினை: இந்த முறை ஊருக்குப் போய் வந்த கதை

குறுவை அறுப்பு நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து 2 வார லீவில் போயிருந்தேன். வேலை ஒன்றே ஒன்றுதான், அப்பா பெயரில் இருக்கிற நிலத்தைப் பிரித்துப் பதிவு செய்வது. அவர் சொந்தமாக வாங்கியது, உயில் இல்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான் மூவருக்கும் சமபங்கு, எங்களுக்குள் தகராறும் இல்லை. அப்படியும் முன்பு பார்த்த வக்கீலிடம் ஒன்றரை வருடம் போனது. எப்போது கூப்பிட்டாலும் "பார்த்துக்கலாம் சார்"தான், கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

இந்த முறை அக்கா சொன்ன ஓர் இளம் பெண் வக்கீல். நான் கிளம்பும் முன்பே வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா எல்லாவற்றையும் ஆன்லைனில் எடுத்துப் பார்த்துவிட்டு, அவருடைய ஃபீஸ் எவ்வளவு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் எவ்வளவு என்று தனித்தனியாகத் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வர முடியாவிட்டால் எனக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போடப் பவர் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அட்டெஸ்ட் வாங்கி அனுப்புங்கள், இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜில் சொன்னார். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒன்றரை வருடம் மிச்சம்.

ஆபீஸ் மாடியில், படி செங்குத்து. அம்மாவுக்கு மூட்டுவலி. வயதானவர்கள் வருகிற இடம் கீழ்த்தளத்தில் இருக்க வேண்டும், அதை அவரிடமே சொன்னேன். அன்றைக்கு அவரே இறங்கி வந்து, காரில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பத்திர வரைவை வரி வரியாகப் படித்துக் காட்டினார். நான்கெல்லை வந்ததும் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "இல்ல பாப்பா, வடக்கால வாய்க்கா. களத்துமேடு அதுக்கு அப்பால." பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. அங்கேயே திருத்தினார். முன்பு ஒருவரும் அம்மாவிடம் எதையும் படித்துக் காட்டியதில்லை, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டுவார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். ஜீவனாம்ச வழக்குக்காக ஓர் அம்மா காத்திருந்தார். அவரிடம், "எனக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டாம்மா, கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க" என்று சொல்லி, 15100 என்ற நம்பரையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிற உரிமை இது. எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

பத்திரம் பதிவாகிவிட்டது. உட்பிரிவுக்குச் சர்வேயர் இன்னும் வரவில்லை. "இந்த வாரமும் வரலைங்க, அடுத்த வாரம் நேர்ல போய்க் கேட்கிறேன்" என்று நேற்றுகூட மெசேஜ் வந்தது, நான் கேட்காமலே.