வாட்டர் டிராகன் ‘விளையாடுது’ என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்

சென்னையில் அயல்நாட்டுச் செல்லப்பிராணிகள் விற்கும் ஒரு கடை, சீன வாட்டர் டிராகன் என்ற ஓணான் வகையின் குட்டிகள் இரண்டை ‘ஜோடி’ என்று சொல்லி, 2 அடி கண்ணாடித் தொட்டி, ‘யு.வி. பல்பு’ (புற ஊதாக் கதிர் விளக்கு) சகிதம் ஒருவர் தலையில் கட்டியது. சில வாரங்களில் ஒன்றுக்கு மூக்கு நுனி கிழிந்து ரத்தம். மற்றொன்று நாளெல்லாம் தண்ணீரிலேயே கிடந்தது. கடைக்காரர் பதில்: “ஒண்ணு குஷியில கண்ணாடில ஏறி விளையாடுது சார். இன்னொண்ணு தண்ணி ஓணான், தண்ணிலதானே கிடக்கும்!”

இரண்டுமே பொய். இந்த ஓணானுக்குக் கண்ணாடி ஒரு தடுப்பு என்பதே புரியாது. ஊடுருவிப் போய்விடலாம் என்று முட்டிக்கொண்டே இருக்கும். தோல் உரிந்த இடத்தில் கிருமி புகுந்தால் ஈறு அழுகும், பிறகு தாடை எலும்புக்கும் பரவும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் 15–20 செ.மீ. உயரத்துக்கு வெளியிலிருந்து ஒளிபுகாத் தாள் ஒட்டி, உள்ளே கிளைகளும் செடிகளும் அடர்த்தியாக வையுங்கள். ஆனால் அடிப்படைக் கோளாறு தொட்டிதான். வாலோடு சேர்த்து ஆண் 90 செ.மீ. வரை வளரும், மரமேறும் பிராணி. ஆறடி உயரக் கூண்டு தேவைப்படும் என்பதை விற்கும்போது யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

தண்ணீரில் பதுங்குவது இதன் தற்காப்பு. பயந்தால் குதிக்கும், கொஞ்ச நேரத்தில் வெளியே வரும். வெளியேறவே மறுத்தால் மூன்றைச் சோதியுங்கள்: சூட்டு விளக்குக்குக் கீழே வெயில் காயும் கிளையில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறதா (32–35 போதும்), செதில் இடுக்கில் உண்ணி இருக்கிறதா, இன்னொரு ஓணான் விரட்டுகிறதா. இங்கே மூன்றாவதுதான் காரணம். ‘ஜோடி’ என்று கொடுத்தவை இரண்டும் ஆண்கள் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. குட்டியில் ஆண், பெண் பிரித்துச் சொல்லவே முடியாது. தலை அகலமும் முதுகு முள்வரிசையும் தெரிய ஒரு வருடமாவது ஆகும். ஜோடி விலை கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

பல்பு அடுத்த மோசடி. ஊதா நிற வெளிச்சம் வந்தால் யு.வி.பி. (இந்த ஓணானுக்குத் தேவையான புற ஊதாக் கதிர் வகை) ஆகிவிடாது. அட்டைப் பெட்டியில் யு.வி.பி. சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும். நடுவில் கண்ணாடி இருந்தால் நல்ல விளக்கும் வீண். ஜன்னல் வழி வரும் வெயிலுக்கும் அதே கதிதான். யு.வி.பி. இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, தின்ற கால்சியம் சேராது. இதன் அறிகுறிகளில் ஒன்று விரல் துடிப்பு. “நரம்புத் துள்ளல்” என்று கடையில் சத்துச் சொட்டு மருந்து விற்பார்கள். அதற்குள் தாடை இளகி, பின்னங்கால் இழுபட ஆரம்பித்துவிடும். துடிப்பைப் பார்த்த அன்றே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

இதில் வேடிக்கை, நோயை இயல்பு என்பவர்கள் இயல்பை நோய் என்று சொல்லியும் காசு பார்ப்பார்கள். தண்ணீரில் மலம் கழிப்பது இதன் வழக்கம். தினமும் தண்ணீர் மாற்றினால் போதும், ‘கிருமி மருந்து’ வேண்டாம். தலையாட்டுவதும் கையைச் சுழற்றுவதும் இவற்றின் பேச்சு, வலிப்பு அல்ல. வெயில் கிளையில் வாய் பிளப்பது சூட்டைத் தணிக்க. குளிர்ந்த மூலையிலும் பிளந்து, சளிக் குமிழ் தெரிந்தால்தான் நுரையீரல் தொற்று.

வளர்ந்த பெண் தின்னாமல் தரையைப் பிறாண்டினால் முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். ஆண் இல்லாமலும் முட்டை வரும். ஈரமான மண்ணும் மணலும் 25–30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பிய பெட்டி வையுங்கள். முக்கியும் முட்டை வராமல் சோர்ந்து, கண் உள்வாங்கினால் அவசரம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

காகிதமும் கேளுங்கள். இந்த இனம் 2023 முதல் சைட்டிஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வியட்நாம் காடுகளில் பிடித்தவற்றையே ‘பண்ணைக் குட்டி’ என்று விற்பது புதிதல்ல. பண்ணை விவரமோ ரசீதோ கிடையாது என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஏற்கெனவே வாங்கியவர்கள் மருத்துவரிடம் போகும்போது புதிய மலம், கூண்டின் படம், பல்பின் அட்டைப் பெட்டி மூன்றையும் கொண்டு போங்கள். காட்டில் பிடித்ததற்குக் குடற்புழு இருக்க வாய்ப்பு அதிகம்.