திருமலையில் (திருகோணமலையில்) ஒரு நாள் சுற்றினால் சாப்பாடு எங்கே: சைவக் கடையா, பஃபேயா, வீட்டுப் பார்சலா?

ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் வந்து இறங்கியது. மருமகனுக்கு ஒன்பது வயது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் உள்ள குளூட்டன் உள்ளே போனால் அவன் உடம்பே அவன் சிறுகுடலைத் தாக்கும். ஒரு துணுக்குப் பாண் போதும். அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டா. அப்பாவுக்குச் சீனி வருத்தம். இந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கோணேஸ்வரம் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை என்று சுற்ற வேண்டும்.

"டிஸ்னி வேர்ல்டில அலேர்ஜி மெனு எண்டு தனியாத் தருவினம் மாமா, இங்க இல்லையா?" என்றான் மருமகன். புளோரிடாவில் உள்ள அந்தப் பூங்காவுக்கு வீட்டுச் சாப்பாடும் கொண்டுபோகலாம். இங்கே வாயால் கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரிடம், என்ன கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அம்மாவைப் பொறுத்தவரை சைவக் கடைக்கு ஈடு இல்லை. மற்றக் கடைகளில் "மரக்கறிச் சாப்பாடு" என்று தரும் பருப்பிலும் சம்பலிலும் மாசிக் கருவாட்டுத் தூள் ஒளிந்திருக்கும். மீன் துண்டு கண்ணில் படாதவரை அது மரக்கறிதான் என்பது அவர்கள் கணக்கு. சைவக் கடையில் அந்தப் பயம் இல்லை.

மருமகனுக்கு அதே கடை ஆகாது. தோசை அரிசியும் உளுந்தும்தானே என்று நம்பித்தான் போனோம். கல்லுக்குப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "உளுந்தும் அரிசியும்தான் தம்பி." கொஞ்சம் பொறுத்து, "ஒரு கை கோதுமை மாவும் போடுறனாங்கள், நிறம் வர" என்றார். இலங்கைத் தோசைக்கு அது பழைய பழக்கம். மா போடாத கடை என்றாலும் கல் ஒன்றுதான். பராட்டா சுட்ட கல்லை ஒரு துணியால் இழுத்துத் துடைத்தார், துணியில் வெள்ளையாக மா ஒட்டியிருந்தது, அடுத்த நிமிடம் அதே கல்லில் தோசை ஊற்றினார். வடை பொரிந்த எண்ணெயில்தான் ரோல்ஸும் பொரிகிறது. பிட்டில் அவிச்ச கோதுமை மா கலந்திருக்கும். இடியப்பமும் வெள்ளையாக இருந்தால் என்ன மா என்று கேட்காமல் தொடக்கூடாது. கடையில் வாங்கும் பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மா சேர்ந்திருப்பதால் சாம்பாரும் ரசமும் போச்சு. மிஞ்சியது வெறுஞ்சோறும் தயிரும். அவன் அழவில்லை, ஆனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் பஃபேக்கு அடுத்த நாள் போனோம். பார்வைக்கு அதுதான் பாதுகாப்பு. சமையற்காரரே வெளியே வந்து, சோயா சோஸ் ஊற்றிய ஃபிரைட் ரைஸைத் தொட வேண்டாம் (அந்தச் சோஸிலும் கோதுமை உண்டு), இந்தச் சோறும் இந்த மீனும் சரி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நல்ல மனிதர். ஐந்து நிமிடத்தில் வரிசையில் நின்ற ஒருவர் நூடில்ஸ் அள்ளிய கரண்டியைச் சோற்றுக்குள் குத்திவிட்டுப் போனார். நாங்கள் அதைக் கண்டது மருமகன் தட்டை முடித்த பிறகு. அன்றிரவு முழுக்க வயிற்றுவலி. "குளூட்டன் இல்லை" என்று பெயர் போட அனைத்துலக உணவுத் தரம் விடும் உச்ச அளவே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். கரண்டிக்கு அதெல்லாம் தெரியாது. பஃபேதான் வேண்டும் என்றால் திறந்தவுடன் முதல் ஆளாகப் போங்கள், அல்லது குசினிக்குள் இருந்தே ஒரு தட்டுப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

உப்புவெளிக் கடற்கரைக் கடைகளை நான் குறைவாக நினைத்திருந்தேன். உப்பு, மிளகு, தேசிக்காய் மட்டும் தடவி, மீனை அலுமினியத் தாளில் சுற்றிச் சுடச் சொன்னால் செய்து தருகிறார்கள். தாள் முக்கியம், கம்பியில் முன்பு சுட்ட கோழியின் சோஸ் ஒட்டியிருக்கும். முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. மருமகனுக்கு வெளியில் கிடைத்த ஒரே நிம்மதியான சாப்பாடு அதுதான்.

அப்பாவுக்கு எங்கே போனாலும் சிக்கல் சோற்றில் இல்லை, குடிக்கிறதில். 2016 முதல் சோடாப் போத்தல்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் வருகிறது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. அவர் வட்டத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு குடிப்பார்.

கடைசியில் வென்றது பார்சல். ஆனால் கண்டபடி கட்டினால் அதுவும் தோற்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் (காற்றைச் சொல்கிறேன், கடலையை அல்ல) தேங்காய்ப்பால் விட்ட கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். அக்கா நான்கு மணிக்கு எழும்பிப் புளிச்சாதம் கிளறினா, பெருங்காயம் போடவில்லை. உருளைக்கிழங்குப் பிரட்டல், மோர் மிளகாய். வாழையிலையை நெருப்பில் வாட்டி, சோறு ஆறிய பிறகுதான் மடித்தா. சூட்டோடு மடித்தால் வியர்த்து நசிந்துவிடும். அப்பாவுக்கு வீட்டிலேயே இடித்த குரக்கன் (கேழ்வரகு) மாவில் ரொட்டி, கோதுமை கலக்காமல். கடைக் குரக்கன் ரொட்டியில் பாதிக்குப் பாதி வெள்ளை மாதான்.

புறாத்தீவுக்குப் போவதென்றால் போட்டியே இல்லை, அங்கே கடை கிடையாது. கோணேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் மட்டும் வழியில் இருக்கும் பிரெட்றிக் கோட்டைக்குள் பார்சலைப் பிரிக்காதீர்கள். நாங்கள் பிரித்தோம். மருமகன் மோர் மிளகாயைக் கடிக்க வாய் திறந்தபோது ஒரு புள்ளிமான் அவன் முழங்கைக்கு அடியால் தலையை நீட்டி இலையோடு இழுத்தது. மிச்சத்தை வான் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டோம்.